மருந்துக்கடை கவுன்ட்டரில் முறியும் மனநல சிகிச்சை

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது விரிஞ்சிபுரம். மார்க்கபந்தீஸ்வரர் கோயிலால் பேர்பெற்ற ஊர். கார்த்திகை மாதக் கடைசி ஞாயிறு வந்துவிட்டால் பிள்ளை வரம் வேண்டிச் சிம்மக் குளத்தில் முழுக்குப் போடப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். மற்ற நாட்களில், இந்தத் தோல் தொழில் வட்டாரத்தின் மற்ற ஊர்களைப் போலத்தான் இதுவும். காலையில் தோல் கம்பெனிக்கும் ஷூ கம்பெனிக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு வண்டிகள் போகும். பொழுது சாய்ந்ததும் இறக்கிவிடும். உடம்புக்கு முடியாவிட்டால் வேலூர். மனசுக்கு முடியாவிட்டாலும் வேலூர்தான். அங்கே பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது.

அங்கே மருத்துவர் பார்க்கிறார், சீட்டு எழுதுகிறார். முதல் மாத மாத்திரையோடு குடும்பம் ஊர் திரும்புகிறது. அடுத்த மாதம்தான் சிக்கல். வேலூர் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. துணைக்குப் போகிறவருடைய கூலியும் சேர்ந்து போச்சு. பழைய சீட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து மருந்துக்கடைக்குப் போவதுதான் தோதான வழி. மருத்துவரை ஆண்டுக்கு நான்கைந்து முறை பார்க்கும் குடும்பம், மருந்துக்கடைக்காரரை மாதம் தவறாமல் பார்க்கிறது. சிகிச்சை தொடர்வதும் பாதியில் முறிவதும் பெரும்பாலும் அந்தக் கவுன்ட்டரில்தான். நாளை அங்கே நிற்கப்போகிறவர்கள், இன்று டி.பார்ம்., பி.பார்ம்., பார்ம்.டி. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள். மனநோயாளிகளைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள்?

இதை நேரடியாகவே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா, பெல்ஜியம், எஸ்டோனியா, பின்லாந்து, இந்தியா, லாட்வியா ஆகிய ஆறு நாடுகளின் பார்மசி மாணவர்கள் 600-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2010-ல் வெளியானது. மனச்சிதைவு உள்ள ஒருவர் பக்கத்து வீட்டில் குடியிருக்கலாமா, உடன் வேலை பார்க்கலாமா என்ற ரகத்தில் கேள்விகள். ஆறு நாடுகளிலும் மாணவர்கள் எட்டி நிற்கவே விரும்பினார்கள். ‘எப்போது என்ன செய்வார்களோ’, ‘ஆபத்தானவர்கள்’, ‘இவர்களிடம் பேசுவதே கடினம்’ என்ற எண்ணங்கள் எந்த அளவுக்கு இந்த விலகலுக்குக் காரணம் என்பது நாட்டுக்கு நாடு மாறியது. விலகல் மட்டும் மாறவில்லை.

படித்து முடித்துக் கடைக்கு வந்த பிறகும் நிலைமை தானாகச் சரியாகிவிடுவதில்லை. கனடாவில் 2004-ல் வெளியான ஓர் ஆய்வில் மருந்தாளுநர்கள் தாங்களே ஒப்புக்கொண்டார்கள்: இதய நோயாளியிடம் மருந்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு மனநல மாத்திரை வாங்க வருபவரிடம் இயல்பாகப் பேச வரவில்லை என்று.

நம் மாணவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சினிமாவில் சிரிக்கவைத்தே வளர்த்த சமூகம் இது. அந்தக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794-ல் தொடங்குகிறது. இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக எத்தனையோ பேரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பிய இடம், கேலிக்கான பெயராகத்தான் பாதிப் பேருக்கு அறிமுகம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ல் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் சிக்கி இறந்தபோது நாடே அதிர்ந்தது. கட்டிவைக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. பயம் போகவில்லை.

கல்லூரியாவது அந்தப் பயத்தைப் போக்குகிறதா? ஆறு ஆண்டு பார்ம்.டி. படிப்பு இந்தியாவில் 2008-ல் வந்தது. நோயாளியின் படுக்கையருகே நின்று மருந்தைக் கண்காணிக்கும் மருந்தாளுநரை உருவாக்குவதுதான் அதன் நோக்கம். மனச்சிதைவு, மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை எல்லாம் நான்காம் ஆண்டுப் பாடத்தில் உண்டு. எந்த மாத்திரை மூளையில் எந்த ஏற்பியைத் தடுக்கிறது என்று ஒரு மாணவி தாள் தாளாக எழுதுவார். ஆனால் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியில் ஆறு மாதம் பொது மருத்துவம். மீதி ஆறு மாதம் வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். அந்த மூன்றில் மனநலம் இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. மனநோயாளி ஒருவரிடம் பத்து நிமிடம்கூட உட்கார்ந்து பேசாமலே பட்டம் வாங்கிவிடலாம். டி.பார்ம். முடித்தவர்களுக்கு 500 மணி நேரக் களப்பயிற்சி உண்டு. அதில் பெரும்பகுதி சீட்டைப் படித்து மருந்து எடுத்துக் கொடுப்பதில் கழிகிறது. வாங்க வந்தவரின் முகத்தைப் பார்த்துப் பேசும் பயிற்சி, வாய்த்த கடையைப் பொறுத்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நோயாளியை மையமாக வைத்த கவனிப்பு என்றால் இனிக்க இனிக்கப் பேசுவது என்று பலர் எண்ணுகிறார்கள். அது அறிவு சார்ந்த வேலை. மருந்தையும் தெரிந்திருக்க வேண்டும், அதை விழுங்குகிறவருடைய பிழைப்பையும் தெரிந்திருக்க வேண்டும்.

“தம்பி, இத்தப் போட்டா புள்ள நாள் முழுக்கத் தூங்கிக்கினே கீறான். பாதி மாத்திர போட்டா போதுமா?” என்று ஒரு தாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். “டாக்டரையே கேளுங்கம்மா” என்பது ஒன்று. “பாதி போடுங்க, ஒண்ணும் ஆகாது” என்பது இன்னொன்று. முன்னது தட்டிக்கழிப்பு, பின்னது ஆபத்து. பயிற்சி பெற்றவர் முதலில் கேள்வி கேட்பார்: எத்தனை நாளாக இப்படி, எந்நேரம் கொடுக்கிறீர்கள், மகன் என்ன வேலைக்குப் போகிறார்? இரவில் கொடுக்க வேண்டியதைக் காலையில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களா என்று சீட்டைப் பார்ப்பார். “நீங்களா குறைக்காதீங்கம்மா, டாக்டருக்கு நான் எழுதித் தர்றேன்” என்று சொல்லி, ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுப்பார். ஐந்து நிமிட வேலை. அந்த மகன் தோல் கம்பெனியில் ஷேவிங் மெஷினில் நிற்பவராக இருந்தால், இந்த ஐந்து நிமிடம் அவருடைய கைவிரல்களைக் காப்பாற்றக்கூடும்.

இந்த வட்டாரத்துக்கென்றே சில பாடங்கள் உண்டு. பீடியை எடுத்துக்கொள்வோம். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றுவது வீட்டுத் தொழில், புகைப்பதும் அதிகம். புகையில் உள்ள சில பொருட்கள், குளோசபின், ஓலன்சபின் ஆகிய மருந்துகளைக் கல்லீரல் வேகமாகச் சிதைத்துவிடச் செய்கின்றன. அதனால் புகைப்பவருக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு குறைவாகவே நிற்கும். அதற்கேற்ற அளவில்தான் மருத்துவர் மாத்திரை எழுதியிருப்பார். ஒருநாள் அவர் பீடியை விட்டுவிடுகிறார். நல்ல காரியம்தான். ஆனால் சில நாட்களிலேயே அதே மாத்திரை உடம்பில் கூடுதலாகத் தங்கி, மயக்கமும் தள்ளாட்டமும் வரலாம். ‘பீடியை விட்டுட்டேன்’ என்று அவர் மருத்துவரிடம் சொல்ல ஒரு மாதம் ஆகும். மாதம் தவறாமல் பார்க்கும் மருந்தாளுநர் ஒரு வார்த்தை கேட்டால் அன்றே தெரிந்துவிடும்.

அடுத்தது வெயில். கத்திரி நாட்களில் வேலூர் கொதிப்பது ஊரறிந்த சங்கதி. இருதுருவ மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை, ரத்தத்தில் மிகக் குறுகிய எல்லைக்குள் இருந்தால்தான் மருந்து. எல்லை தாண்டினால் நஞ்சு. வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் அளவு ஏறும். வயிற்றுப்போக்கு வந்தாலும் ஏறும். மூட்டு வலி என்று டைக்ளோஃபெனாக்கோ இபுபுரூஃபனோ வாங்கிப் போட்டாலும் ஏறும். கை நடுங்குவது, வாந்தி, நாக்குக் குழறுவது, நடை தடுமாறுவது ஆகியவை எச்சரிக்கை மணிகள். லித்தியமும் வலி மாத்திரையும் ஒரே கவுன்ட்டரில் ஒரே ஆளுக்கு விற்பனையாவதைத் தடுக்க முடிந்த ஒரே நபர் மருந்தாளுநர்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேரணாம்பட்டு ஆகியவை இஸ்லாமியர் கணிசமாக வாழும் ஊர்கள். ரமலான் மாதத்தில் நாளெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பவர் லித்தியம் சாப்பிடுகிறார் என்றால், நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசியாக வேண்டும். மூன்று வேளை மாத்திரையை விடியலுக்கு முந்தைய சஹர் நேரத்துக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்ற முடியுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கேட்கச் சொல்லி நினைவூட்டுவது மருந்தாளுநர் வேலை. ‘நோன்பு பிடிப்பீங்களா?’ என்று இயல்பாக ஒரு வார்த்தை கேட்பதற்குப் பாடப்புத்தகத்தில் இடமில்லை. பயிற்சிக் காலத்தில்தான் அது வரும்.

மனச்சோர்வுக்கான மாத்திரைகளின் கதை வேறு. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். குமட்டல், தலைவலி போன்ற தொந்தரவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் ‘மாத்திரை ஒத்துக்கல’ என்று பத்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் இரண்டு மாதத்தில் நன்றாகிவிட்டது என்று நிறுத்துகிறார்கள், பழைய நிலைக்கே போகிறார்கள்.

நம்பிக்கை விஷயத்திலும் மாணவர்கள் கற்க வேண்டியது உண்டு. வேலூரில் முதன்முறையாக மனச்சிதைவுக்குச் சிகிச்சை பெற வந்த 131 பேரிடம் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் நோய்க்குக் காரணம் தெய்வக் குற்றம், செய்வினை போன்றவை என்றே நினைத்தார்கள். ஒரே நேரத்தில் பல காரணங்களை நம்பியவர்களும் உண்டு. அப்படி நம்பியவர்கள்தான் மருத்துவமனைக்கும் வந்து வரிசையில் நின்றார்கள். கோயிலுக்கும் போவார்கள், தர்காவுக்கும் போவார்கள், மாத்திரையும் போடுவார்கள். இதில் முரண் எதையும் அவர்கள் காண்பதில்லை. மருந்தாளுநர் ஏளனமாக ஒரு சிரிப்புச் சிரித்தால், விட்டுப்போவது கோயில் அல்ல, மாத்திரைதான்.

2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை ஒன்று இங்கே நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் முத்துசாமி என்பவரை வழிபடும் ஒரு கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரை ஆய்வாளர் ராகுராம் தலைமையிலான குழு கவனித்தது. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். அங்கே மருந்து கிடையாது, கட்டிப்போடுவதும் கிடையாது. கோயில் வேலையில் கைகொடுத்தபடி இருந்தார்கள். நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. மருந்து வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மிரட்டாமல், மதிப்போடு நடத்தப்படுவதே ஒரு பங்கு சிகிச்சை என்பதற்கு இது சான்று. மருந்தோடு அந்த மதிப்பும் சேர்ந்து கிடைக்கும் இடமாக மருந்துக்கடை ஏன் இருக்கக் கூடாது?

இப்போது அப்படி இல்லை. மனநல மாத்திரை வாங்குவது கூச்சத்தோடு நடக்கும் காரியம். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் வந்த ஐந்தாறு பேர் நிற்கும்போது, உள்ளேயிருந்து “இந்த மென்டல் மாத்திர எத்தினி நாளைக்கு?” என்று குரல் வந்தால் அந்தப் பெண் அடுத்த மாதம் அந்தக் கடைக்கு வரமாட்டார். அட்டையை வெட்டி ஐந்து மாத்திரை கொடுப்பார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டியதில் போய்விடும். கவரில் பேனாவால் 1-0-1 என்று எழுதியிருக்கும். அல்பிரசோலம், டயசிபாம் போன்ற எச்1 பட்டியல் மருந்துகளுக்கு நோயாளியின் பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தவறான பயன்பாட்டைத் தடுக்க நல்ல ஏற்பாடு. அந்தப் பதிவேடு கவுன்ட்டர் மேலேயே திறந்து கிடந்தால், ஊரில் யார் யார் தூக்கமில்லாமல் தவிக்கிறார்கள் என்று ஊரே படிக்கும்.

சட்டத்தில் குறையில்லை. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை பெறும் உரிமையையும் அந்தரங்கம் காக்கப்படும் உரிமையையும் தருகிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை வட்டார அளவிலான சமுதாய நல மையங்கள் தொடங்கி மேலே உள்ள அரசு மருத்துவமனைகளில் எந்நேரமும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. மருந்தை எப்படிச் சாப்பிடுவது, என்ன பக்கவிளைவு வரும், ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்பதையெல்லாம் நோயாளிக்கு விளக்குவது பதிவுபெற்ற மருந்தாளுநரின் கடமை என்று 2015-ன் பார்மசி நடைமுறை விதிகள் சொல்கின்றன. பத்தாண்டு ஓடிவிட்டது. இப்படி விளக்கம் கேட்டு வாங்கிய அனுபவம் எத்தனை வாசகர்களுக்கு இருக்கிறது?

கடைக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. மாலை ஆறு மணிக்கு, கம்பெனி வண்டிகள் ஆளிறக்கும் நேரத்தில், பத்துப் பேர் நிற்கும்போது யாரிடம் உட்கார்ந்து பேசுவது? மருந்தாளுநருக்குக் கிடைக்கும் சம்பளம் பல கடைகளில் சொல்லும்படி இல்லை. சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, ஆள் வேறெங்கோ இருக்கும் கடைகளும் உண்டு. மருந்தாளுநர் மருத்துவராகிவிடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதும் சரியே. ஆனால் மாத்திரையின் அளவை மாற்றுங்கள் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. எழுதியதை விளக்குங்கள், மாறுதலைக் கண்டால் மருத்துவரிடம் திருப்பி அனுப்புங்கள் என்பதுதான் கோரிக்கை. மற்ற நோய்களுக்கு இன்சுலின் ஊசி போடுவதையும் இன்ஹேலர் இழுப்பதையும் இதே கடைகளில் பொறுமையாகச் சொல்லித்தருகிறார்கள். நேரமில்லை என்பது மனநோய்க்கு மட்டும் சொல்லப்படும் காரணமாக இருக்கக் கூடாது.

தேவை சிறியதுமல்ல. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்த இந்தியர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். வேலூருக்கு இன்னும் கசப்பான கணக்கு ஒன்று உண்டு. கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரையிலான இறப்புகளை ஆராய்ந்து சி.எம்.சி. குழு 2004-ல் லான்செட் இதழில் எழுதியது: 10 முதல் 19 வயது வரையிலான பெண்களில் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148, ஆண்களில் 58. உலகையே திரும்பிப் பார்க்கவைத்த எண்கள் இவை. பாகாயத்துக்குப் பக்கத்து ஊர்களின் எண்கள்.

மாணவர்களின் மனநிலையை மாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தில் பார்மசி மாணவர்களுக்கு மனநோயிலிருந்து மீண்டவர்களையே ஆசிரியர்களாக அழைத்து வந்தார்கள். மாத்திரை சாப்பிட்டபோது என்ன நடந்தது, எது தாங்க முடியாததாக இருந்தது, கடையில் எந்தச் சொல் சுட்டது, எது தைரியம் கொடுத்தது என்று அவர்களே சொன்னார்கள். கேட்ட மாணவர்களின் பார்வை மாறியதை 2006 முதலே அங்குள்ள ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். மனநல முதலுதவிப் பயிற்சி பெற்ற மாணவர்களுக்கு விலகல் மனநிலை குறைந்ததாக 2011-ல் இன்னோர் ஆய்வு வந்தது. கூடுதல் விரிவுரையால் வராத மாற்றம், எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து பேசியதும் வந்திருக்கிறது.

இதற்கு சிட்னி வரை போக வேண்டியதில்லை. 1950-களில் பாகாயத்தில் மனநலப் பணி தொடங்கியபோதே நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் முறையை சி.எம்.சி. கொண்டுவந்தது. மனநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து மதிலுக்குள் வைப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. தாயும் மனைவியும் அண்ணனும் கூடவே இருந்து, மருந்தையும் நோயையும் கற்றுக்கொண்டு போனார்கள். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993-ல் வந்த பேன்யன் ஆகிய அமைப்புகளும் குடும்பத்தையும் மீண்டவர்களையும் பங்காளிகளாக்கிப் பழகியவை. ஆசிரியர்களாக வரத் தகுதியுள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் நம்மிடம் இருக்கிறார்கள். பார்மசி கல்லூரிகள் அவர்களைக் கூப்பிட வேண்டும், வந்துபோகும் செலவோடு மதிப்பூதியமும் தர வேண்டும். சும்மா வந்து கதை சொல்லிவிட்டுப் போங்கள் என்று அழைப்பது மரியாதையாகாது.

செய்ய வேண்டியவை நீண்ட பட்டியல் அல்ல. பார்ம்.டி. உள்ளிருப்புப் பயிற்சியில் மனநலப் பிரிவு இரண்டு மாதம் கட்டாயம் என்று இந்திய பார்மசி கவுன்சில் விதியைத் திருத்த வேண்டும். டி.பார்ம். மாணவர்களின் 500 மணி நேரத்தில் ஒரு பகுதியை மாவட்ட மனநலத் திட்ட முகாம்களில் கழிக்கவிடலாம். அங்கே மருந்து கொடுக்கும் மேசையில் உதவிக்கு ஆள் தேவை. வேலூர் வட்டார மாணவர்களுக்கு உருதும் தெலுங்கும் பேசும் நோயாளிகள் வருவார்கள் என்பதால், மருந்துக் குறிப்புகளை அம்மொழிகளிலும் சொல்லிப் பழக்க வேண்டும். ரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுசெல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பையில் மனநல மாத்திரைகளுக்கும் அரசு இடம் தரட்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதனைக்கு வரும்போது பதிவேட்டோடு சேர்த்து, ஓரமாக நின்று பேச ஓர் இடம் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

வாசகர்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் வீட்டில் ஒருவர் மனநல மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், அதற்காகக் கூனிக் குறுக வேண்டாம். மருந்துக்கடையில் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இது எதற்கு, எப்போது சாப்பிட வேண்டும், என்ன தொந்தரவு வரலாம், இதோடு எதைச் சாப்பிடக் கூடாது. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மனம் தாங்க முடியாத நிலையில் இருந்தால், 2022 அக்டோபர் முதல் செயல்படும் டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அந்த நான்கு கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொல்ல ஆளில்லாத கடையென்றால், கடையை மாற்றிவிடுங்கள்.